அழித்துவிடு என்று சொன்னவள் நான்

அன்பு மகனே,

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மா கடிதம் எழுதுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். பேசிவிடலாம் என்று மூன்று முறை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஒரு முறை நீ முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். ஒரு முறை ஓ.டி. முடித்து வந்து அப்படியே தூங்கிப்போயிருந்தாய். மூன்றாவது முறை நீ சும்மாதான் இருந்தாய். எனக்குத்தான் வாய் வரவில்லை. கோயில் பங்கில் பெண்கள் குழுவுக்கு அறிக்கை எழுதி எழுதி எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. அதனால் எழுதுகிறேன். நீ படித்து முடித்த பிறகு இதை யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். பிள்ளை பெற்றவர்கள் படித்தால் நல்லது. அதற்காகவே அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி ஸ்டெல்லா என்று எழுதியிருக்கிறேன். அவள் பெயர் ஒருமுறை ஊரெல்லாம் சுற்றியது போதும். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஏழு வருஷமாக நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லை.

நிலத்தில் பாதியை விற்றுவிட்டு, வடக்குப்பட்டு வீட்டின் பின்பக்கம் நாம் மூன்று போர்ஷன் கட்டிய காலம் அது. நடுப் போர்ஷனுக்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாவின் குடும்பம் வந்தது. அவள் அப்பா ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர். நம்மைப் போலவே கோயிலுக்கு வருகிறவர்கள் என்பதால் நான்தான் அவர்களை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாமியாரிடம் அறிமுகப்படுத்தினேன். ஸ்டெல்லா பாடற்குழுவில் சேர்ந்தாள். நீயும் அதில் இருந்தாய். பள்ளிக்கூடத்திலும் இரண்டு பேரும் ப்ளஸ் ஒன். அவள் கம்ப்யூட்டர் குரூப் எடுத்திருந்தாள். கோயில் திருவிழா முடிந்ததும் பாடற்குழு மொத்தமும் நின்று ஒரு போட்டோ எடுத்தீர்களே, அதில் ஈஸ்டருக்கு நான் எடுத்துக்கொடுத்த கட்டம் போட்ட சட்டையில் நீ அவளுக்கு அடுத்து நின்றாய். அந்தப் போட்டோவில் ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்தார்கள். நம் ஆல்பத்தில் நான்தான் அதைச் செருகி வைத்தேன்.

அப்போது நீ ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்திருந்தாய். பிராஜக்ட் என்று சொல்வாய். நான் வேலை செய்த கம்பெனி கேண்டீனில் அரிசி களைந்துகொண்டே, “எம் புள்ள இப்பவே கம்ப்யூட்டர் கத்துக்கினு வரான்” என்று பெருமையடிப்பேன். அங்கே என்ன பார்க்கிறாய், யாரோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூட வேலை செய்த ஒருத்தி தன் மகளுக்கு செல்போன் வாங்கித்தரப் போவதாகச் சொன்னபோது, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? வேற வென வேணாம்” என்று அவளைத் தடுத்தவள் நான். கெடுதல் என்பது பெண் பிள்ளையைத் தேடி வருகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு வீட்டிலிருந்துதானே கிளம்ப வேண்டும், அந்த வீடு நம்முடையதாக இருக்கலாம் என்று என் புத்தியில் படவே இல்லை.

நீ அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்ததும், அதிலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, பாடற்குழுவில் எல்லாரும் பார்க்க அவள் திருப்பித் தந்ததும், பையன்கள் ஒரு வாரம் உன்னைப் பார்த்துச் சிரித்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். பதினேழு வயதில் அது பெரிய அவமானமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அதற்கு நீ செய்தது என்ன என்பதை நம் இரண்டு பேருக்காகவும் ஒரு தடவை எழுத்தில் வைக்கிறேன். அந்தப் போட்டோவை ஸ்கேன் செய்து, அவளை மட்டும் வெட்டி எடுத்து, அப்போது பிள்ளைகள் எல்லாம் பக்கம் திறந்து வைத்திருந்த அந்த இணையதளத்தில் அவள் பெயரில் ஒரு பக்கம் போட்டாய். ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லவே மாட்டாள் என்கிற வார்த்தைகளை அவளே சொல்வதுபோல எழுதினாய். கீழே ஒரு போன் நம்பர் கொடுத்தாய். அது அவள் அப்பாவின் நம்பர். வாடகைக்காரர் நம்பர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று நான் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தேன். அங்கிருந்துதான் எடுத்தாய்.

அந்த மனிதருக்கு வேலை நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. யார் யாரோ, எந்த ஊரிலிருந்தோ, அவர் மகள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு நாள் அவருக்கு எதுவும் புரியவில்லை. மூன்றாம் நாள் கம்பெனியில் ஒரு ஆள் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து அவர் கையில் மடித்துக் கொடுத்தான். அன்று சாயங்காலம் நடுப் போர்ஷனிலிருந்து பெல்ட் சத்தம் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கதவு உள்தாழ்ப்பாள். “நான் இல்லப்பா, நான் இல்லப்பா” என்று மட்டும் கேட்டது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கம்ப்யூட்டர் குரூப் எடுத்திருந்ததே அவளுக்கு எதிராகப் போயிற்று. இதெல்லாம் வேறு யாருக்குத் தெரியும் என்று அவள் அப்பா கேட்டாராம்.

ஸ்டெல்லாவின் அம்மா அந்தத் தாளை என்னிடம் காட்டி அழுதாள். “பாருங்கக்கா, எம் பிள்ளயா இப்பிடி எழுதும்?” என்றாள். நான் எழுத்தைப் படிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் தோளை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்தேன். அந்தப் போட்டோ இருந்த இடம் காலியாக இருந்தது. உன் இயற்பியல் புத்தகத்துக்குள் அது கிடைத்தது. நீ வந்ததும் உன் முன்னால் வைத்தேன்.

“இன்னாடா இது?”

நீ பொய் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “வெளாட்டுக்குத்தாம்மா. ரெண்டு நாள்ல எடுத்துடலாம்னு நெனச்சேன்” என்றாய். இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம். நான் உன்னை அடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் முதல் யோசனை உன் படிப்பு, இரண்டாவது யோசனை உங்கப்பா, மூன்றாவது யோசனை ஊர். “இப்பவே போயி அத்த அழிச்சுட்டு வா. யார்கிட்டயும் மூச்சு உடாத” என்று சொன்னேன். சைக்கிளில் போய் வர உனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. “அழிச்சுட்டேம்மா” என்றாய். ஒரு பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அழித்ததால் என்ன நடந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் காட்டலாம், போலீசில் காட்டலாம், யார் போட்டது என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று ஸ்டெல்லாவின் அம்மா தன் புருஷனைக் கெஞ்சி, மறுநாள் ஒரு ஆளை வைத்துத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பக்கம் இல்லை. அவள் அப்பா நம் வாசலில் நின்று என்னிடமே சொன்னார்: “பாத்தியளா தங்கச்சி? அடி விழுந்ததும் அழிச்சிட்டா. அப்போ அவதான செஞ்சிருக்கா?” அவள் செய்யவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை நான் அழிக்கச் சொல்லியிருந்தேன். அது அவள்மேல் சாட்சியாகத் திரும்பி நின்றது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். “காலம் அப்படிண்ணே” என்றேன்.

ஒன்பது நாள் அப்படி இருந்தேன். அவர்கள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவின் தலையைத் தடவிவிட்டேன். ஒருநாள் ஸ்டெல்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையில் தழும்பு கருத்திருந்தது. அவளிடம் நான், “பொம்பளப் புள்ள சூதானமா இருக்கணும்மா” என்று புத்தி சொன்னேன். மகனே, நீ செய்த தப்பை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் அதைவிட மோசமானது. நீ அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினாய். நான் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அதற்குள் அவர்கள் சொந்த ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைப்பது என்று. அவளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வாங்கியாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மினி லாரி வந்து நின்றது. அவள் அப்பா பாயையும் தகரப்பெட்டியையும் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுக்கப் போனேன். ஸ்டெல்லா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து, மெதுவாகச் சொன்னாள்: “அத்த, நான் செய்யல. எங்க அம்மகூட இப்போ நம்ப மாட்டுக்கா. நீங்க ஒருத்தராச்சும் நம்புதியளா?”

“நம்புறேம்மா” என்றேன். உலகத்திலேயே அதை உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு பேரில் நான் ஒருத்தி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அது போதும் அத்த” என்றாள். அந்தக் கை என்னை விட்டதும் நான் நேராக வீட்டுக்குள் வந்தேன். நீ டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். சத்தத்தைப் பெரிதாக வைத்திருந்தாய். லாரிச் சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே?

“எய்ந்து வா. அவுங்கப்பாகிட்ட சொல்லணும்.”

“யம்மா, வேணாம்மா. நான் செத்துருவேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் உன்னை விட்டுவிடத்தான் நினைத்தேன். எந்தத் தாயும் நினைப்பாள். ஆனால் பின்பக்கம் இன்னொருத்தி சாகாமல் செத்துக்கொண்டிருந்தாள். “சாவறதுக்குக் கூப்புடலடா, சொல்றதுக்குக் கூப்புடறேன். நான் உங்கூடவே நிக்கிறேன். எது வந்தாலும் ரெண்டு பேருக்கும் வரட்டும்” என்றேன். நீ வந்தாய். நான் இழுத்துக்கொண்டு போகவில்லை, நீயாக நடந்து வந்தாய். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.

நீ சொல்லி முடிக்கும்வரை அவர் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அடிப்பார் என்று நான் குறுக்கே போகத் தயாராக இருந்தேன். அவர் உன்னைத் தொடவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஒங்களுக்கு எப்போத் தெரியும்?”

“ஒம்போது நாளாச்சுண்ணே.”

“அவன் சின்னப் பய” என்றார். “நீங்க...” என்றவர் மேலே சொல்லவில்லை. இன்றுவரை அந்த வாக்கியத்தை நான்தான் விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அவர் மகள் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். “ஏ பிள்ள, அப்பா ஒன்னய...” என்று ஆரம்பித்துத் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா அழவில்லை. உன்னைப் பார்க்கவும் இல்லை. லாரியில் ஏறினாள். பாய்க்கு அடியில் கிடந்த தன் பள்ளிக்கூடப் பையை உருவி எடுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் போனாள்.

திங்கட்கிழமை நான் உன்னைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனதும், நீ எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டதும், அரையாண்டு வரை உன்னை வகுப்பில் சேர்க்காததும் உனக்கு நினைவிருக்கும். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்; ஊரில் பேசியிருந்த கல்யாணமும் நின்றது. அத்தோடு சரியாகிவிடவில்லை. நீ அழித்த பக்கத்தை அதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வைத்திருந்தார்கள். மாசக்கணக்கில் போன் வந்தது. அவர் நம்பரை மாற்றினார். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளைப்பாக்கம் போய்விட்டார்கள். பாடற்குழுவுக்கு அவள் பிறகு வரவே இல்லை. நல்ல குரல். உங்கப்பா அந்தச் சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, “பெத்த புள்ளைய நீயே காட்டிக் குட்த்துட்டியே” என்று கேட்டவர், இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் ஒன்பது நாளும் நான் அவரைப் போலத்தான் இருந்தேன்.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அன்றைக்கு பிரவுசிங் சென்டர் வரை சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. இப்போது உன் கம்பெனி லைனில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். உன் பிள்ளை தவழும்போதே அது அதன் கையில் இருக்கும். போனைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று நினைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன, இவன் யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேள். உனக்குத் தெரியாததை அதனிடமே கற்றுக்கொள். நான் கேட்காமல் விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியாது என்பது அல்ல. தெரியாது என்று உன்னிடம் காட்டிக்கொள்ள வெட்கம். பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் முதலில் நம்பு. “நீ ஏன் அதைப் போட்டாய்” என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. வந்ததை அழிக்காமல் எடுத்து வை, பள்ளிக்கூடத்துக்குப் போ, போலீசுக்குப் போ, மானம் என்று பயந்து வீட்டுக்குள் பூட்டாதே. உன் பிள்ளையே இன்னொரு பிள்ளைக்குச் செய்துவிட்டால், அப்போதும் அழிக்காதே. கூட்டிக்கொண்டு போ. கூடவே நில்.

இன்னொன்று. பெல்ட் சத்தம் கேட்பதற்கு முந்தின நாள், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே நீ கேட்டாய்: “யம்மா, நெட்ல போட்ட ஒண்ண முழுசா திருப்பி எடுக்க முடியுமா?” நான், “என்னிய ஏன்டா கேக்கற, ஆறிப்போவுது, துன்னு” என்றேன். நீ எனக்கு ஒரு கதவைத் திறந்துதான் காட்டியிருக்கிறாய். நான் நுழையவில்லை. பிள்ளைகள் பெரிய விஷயத்தைப் பெரிய முகத்தோடு கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவில், வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்.

போன வாரம் உன்னிடம் சொல்லாமல் கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனேன். அவள் அப்பாவுக்கு நரை விழுந்திருக்கிறது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி மாதா படத்தின் கீழ் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லா இப்போது ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

“அத்த, அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“எதும்மா?”

“நீங்களே எதுன்னு கேக்கியளே” என்றாள். குரலில் கோபம் இல்லை. “எனக்காவக் கேக்கல. நாளைக்கு அவளுக்கும் ஒரு பொம்பளப் பிள்ள பொறக்கும்லா. யாரு வீட்டுக்குப் போறம்னு அவளுக்குத் தெரியணும். தெரிஞ்சு வரட்டும்.”

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். பெண் பார்த்த நாளிலிருந்து எனக்கும் இது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பழைய கதை, சின்ன வயசு, இப்போது நீ எவ்வளவு மாறிவிட்டாய் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ மாறியது உண்மை. உன் கீழே வேலை செய்கிற பெண் பிள்ளைகள் உன்னை மரியாதையாகப் பேசுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் மாறினவன் என்று நீ கட்டப்போகிற பெண் உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், எதிலிருந்து மாறினாய் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்பது நாள் மறைத்தேன். இந்தத் தடவை ஆயுசுக்கும் மறைக்கத் துணிந்திருக்கிறேன் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

அவள் வீடு வாலாஜாபாத்தில்தானே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போ. போனில் சொல்லாதே. எதிரில் உட்கார்ந்து, நான் இங்கே எழுதியிருப்பதைப் போல, எதையும் குறைக்காமல் சொல். என் பங்கையும் சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே கொடு. அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். வேண்டாம் என்றால் அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. நான் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வேறு யாரையும் சொல்லவும் விடமாட்டேன்.

பந்தல்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா